நபர் நான்குக்கு அறுபத்தொரு சதவீதம்

கணவருக்குப் பன்னிரண்டு சதவீதம், தனக்கு ஒன்பது என்று திரையில் வந்ததும் சுயம்புகனிக்கு முதலில் ஏற்பட்டது நிம்மதிதான். மாறி வந்திருந்தால் வீட்டில் ஒரு மாதத்துக்கு யாருக்கும் சோறு இறங்கியிருக்காது.

"பன்னிரண்டா?" என்றார் இளம்பரிதி. "எத்தனைக்கு?"

"நூத்துக்குத்தான் சார்," என்றார் அமலோற்பவம்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை. குழந்தைகள் மனநலப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. அமலோற்பவத்தின் மேசைமேல் 'பராமரிப்பாளர் பங்கேற்பு அலுவலர்' என்று ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பா, இரண்டுக்கும் நடுவில் அவர். ஐம்பது வயதுப் பெண்மணி. நாள் முழுவதும் பெற்றோர்களைப் பார்த்துப் பார்த்து யாரையும் நம்பாத முகம் வந்துவிட்டது.

"இதுல ஏதோ கோளாறு இருக்கு மேடம். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது போல."

"தெரியும் சார். டி.வி.ல பாத்திருக்கேன்."

பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இளம்பரிதி ஒரு குழந்தை வளர்ப்பு வழிகாட்டி. 'செவிமடுக்கும் தந்தை' என்ற அவருடைய நூல் மூன்று பதிப்புக் கண்டது. பெரிய நிறுவனங்களில் ஊழியர்களை உட்கார வைத்து, குழந்தையின் பேச்சை எப்படிக் கேட்பது என்று இரண்டரை மணிநேரம் இடைவிடாமல் பேசுவார். அவருடைய ஒரே மகள், எட்டு வயது மொழியரசி, ஏழு மாதமாக வாயைத் திறக்கவில்லை. பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. தலையாட்டுவாள், தோளைக் குலுக்குவாள், அவ்வளவுதான். அதையும் ஓர் அத்தியாயமாக்கி நான்காம் பதிப்புக்கு அவர் எடுத்து வைத்திருந்தார்.

"முன்னெல்லாம் அப்பா ஒரு கையெழுத்துப் போட்டா போதும் சார்," என்று அமலோற்பவம் ஆயிரமாவது முறையாகச் சொல்லும் குரலில் தொடங்கினார். "பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கலாம், எங்கயாவது கொண்டுபோய் விட்டுடலாம். இப்ப சட்டம் மாறிடுச்சு. பிள்ளையை நெஜமாப் பாத்துக்கிறவங்க டாக்டரோட உக்காந்து முடிவெடுக்கணும். யாருங்க பாத்துக்கிறதுன்னு கேட்டா ரூம்ல இருக்கிற அத்தனை பேரும் கை தூக்குறாங்க. அதான் இந்தப் பட்டை."

மொழியரசியின் இடது மணிக்கட்டில் முப்பது நாளாக அந்தப் பட்டை இருந்தது. பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று அது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது அதற்கு அக்கறையில்லை. யாருடைய குரல் கேட்கும்போது பிள்ளையின் நாடியும் மூச்சும் அடங்கி நிதானப்படுகின்றன என்று மட்டும் பார்த்து, அந்த நிமிடங்களைக் கூட்டி நூற்றுக்குப் பங்கு போடும். பங்குதான் வாக்கு.

"சரி, மிச்சத்தையும் படிங்க," என்றாள் இளம்பரிதியின் அக்கா மங்கையர்க்கரசி. கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி வீட்டோடு இருக்கிறாள். எந்த முடிவுகள் பட்டியலிலும் தன் பெயர் மேலே இருக்கும் என்று எதிர்பார்த்தே பழக்கம்.

"அத்தை, ஆறு. வகுப்பு ஆசிரியை, அஞ்சு. லிஃப்ட், ஏழு."

"லிஃப்ட்டா?"

"உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல ஒரு அம்மா குரல் வருமாமே, 'கதவு மூடுகிறது'ன்னு. அதுக்கு ஏழு."

மங்கையர்க்கரசி கைப்பையைத் திறந்து மூடினாள். "அப்போ லிஃப்ட் என்னைவிட ஒண்ணு கூட."

"அது எதுவும் கேள்வி கேக்கிறதில்லையேம்மா," என்றார் அமலோற்பவம்.

சுயம்புகனி மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்பதுதான் வந்தது. இளம்பரிதியும் கூட்டியிருக்க வேண்டும். "மீதி அறுபத்தொண்ணு?" என்றார்.

"நபர் நான்கு."

"யார் அது?"

"அது தெரியலை சார். நீங்க மூணு பேர் குரல் பதிவு பண்ணிட்டுப் போனீங்க. ஆசிரியை பள்ளிக்கூடத்துலயே பண்ணிட்டாங்க, அது தனிப் பட்டியல். லிஃப்ட் குரல் எல்லா லிஃப்ட்லயும் ஒண்ணுதான், பட்டைக்கே தெரியும். வீட்டுல நாலாவதா ஒரு குரல் வருது. பதிவு இல்லை. பெரியவங்க குரல், ஆணா பெண்ணான்னு உறுதியில்லை, ஏதோ மறைவுல இருந்து கேக்கிற மாதிரி இருக்கு. சாயங்கால நேரம். தினம் முப்பது நாப்பது நிமிஷம். அந்த நேரத்துல பிள்ளை..." அமலோற்பவம் திரையை இன்னொரு முறை பார்த்தார். "தூங்குற குழந்தை மாதிரி இருக்கா."

மூவரும் மொழியரசியைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த ரெக்ஸினை மேலும் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது?" என்று இளம்பரிதி நூலில் சொன்னபடி குனிந்து, கண்ணுக்குக் கண் வைத்து, இதமாகக் கேட்டார். பட்டையில் இருந்த சின்ன விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனது.

உள் அறையிலிருந்து டாக்டர் ஷம்ஷாத் வந்தாள். இளம் வயது, தூக்கம் போதாத கண்கள். வழி இரண்டு என்று எழுதியிருந்த தாளை மேசையில் வைத்தாள். ஒன்று, வாரம் ஒரு நாள் இங்கேயே வந்து, வீட்டில் ஒருவர் கூட இருக்க, மெதுவாகப் பார்ப்பது. இன்னொன்று, கொல்லிமலையில் இருக்கும் 'மௌனம் களைவோம்' உறைவிட முகாம். ஆறு மாதம். முதல் தொண்ணூறு நாள் வீட்டார் யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது.

"என் கருத்து முதல் வழிதான்," என்றாள் டாக்டர். "ஆனா முடிவு உங்களோடது. பன்னிரண்டு நாள் கழிச்சு கூட்டம். நபர் நான்கைக் கூட்டிட்டு வாங்க."

"வரலைன்னா?"

"அந்தப் பங்கு கழிஞ்சிடும் சார்," என்றார் அமலோற்பவம். "மிச்சத்துல யாருக்குக் கூடவோ அவங்க சொல்றதுதான்."

சுயம்புகனி மறுபடி கணக்குப் போட்டாள். மிச்சத்தில் கணவருக்குப் பன்னிரண்டு. நாத்தனாரின் ஆறு எப்போதும் தம்பி பக்கம். வகுப்பு ஆசிரியை அவருடைய வாசகி. கொல்லிமலை முகாமின் விளம்பரத் தாளில் நல்லெண்ணத் தூதராகக் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருப்பவரும் இளம்பரிதியேதான். தன் மகளையே அனுப்பினார் என்றால் அந்தத் தாளுக்கு அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? அவள் கையில் இருப்பது ஒன்பது. அந்த நபர் நான்கு கிடைத்து, அந்த மனிதருக்கு நல்ல புத்தியும் இருந்தால்தான் பிள்ளை வீட்டில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமானது.

"சாயங்காலம் நான் இருக்கிறதில்லை. அக்கா யோகாவுக்குப் போயிடறாங்க. நீதான் இருக்கே கனிகா. யார் வர்றாங்க?" என்று இளம்பரிதி கேட்டார். கனிகா என்பது அவர் வைத்த பெயர். 'சுயம்புகனி' என்று விழா மேடையில் கூப்பிட்டால் தொகுப்பாளர்கள் தடுமாறுகிறார்கள் என்று கல்யாணமான ஆறாம் மாதம் மாற்றிவிட்டார்.

"யாரும் வர்றதில்லைங்க. மொழி பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடிச்சிட்டு ரூமுக்குள்ள போயிடுவா. நான் வேலையைப் பாத்துட்டிருப்பேன்."

"அப்போ சுவர் பேசுதா?" என்றாள் மங்கையர்க்கரசி.

அமலோற்பவம் ஓர் உதவி செய்திருந்தார். நபர் நான்கின் குரல் மறுபடி கேட்டால் உடனே தெரியும்படி, பட்டையை இளம்பரிதியின் கைத்திரையோடு இணைத்து அனுப்பியிருந்தார். இளம்பரிதி காவலாளியிடம் வருகைப் பதிவேட்டை வாங்கி, மாலையில் அந்த மாடிக்கு வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக மொழியரசிக்கு முன்னால் நிறுத்திப் பேச வைத்தார். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து "என்ன சார் பேசணும்?" என்று மூன்று முறை கேட்டார். திரை அசையவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தானாகவே முன்வந்தார். "குழந்தைங்களுக்கு என்னைப் பாத்தா ஒரு இது சார்," என்று உட்கார்ந்து, குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றிப் பத்து நிமிடம் பேசினார். விளக்கு சிவப்பானது. செய்தி எப்படியோ பரவி, அம்பத்தூரிலிருந்து ஒரு பெரியப்பா காரில் வந்து இறங்கி, "அந்த நாலாவது ஆளு நான்தான்பா," என்றார். அவர் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் மங்கையர்க்கரசி லிஃப்ட்டோடு தனிப் பகை வளர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சதவீதத்தில் தோற்றது அவளை உறங்கவிடவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளையிடம் கேள்விகளை நிறுத்திவிட்டு, "மொழி, தோசை வருகிறது," "மொழி, அத்தை உள்ளே வருகிறாள்," என்று ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் அறிவிக்கத் தொடங்கினாள். விளக்கு கொஞ்சம் பச்சைக்கு வந்ததென்று அவளே சொன்னாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

சுயம்புகனி தன் வழியில் தேடினாள். தினமும் நான்கு மணிக்கு ஹாலில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, வாசலையும் பால்கனியையும் பிள்ளையின் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். கவனம் சிதறக் கூடாது. யாராவது வந்தால் காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும்: ஐயா, அம்மா, யாராக இருந்தாலும் சரி, கொல்லிமலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யாரும் வரவில்லை. முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாள் வரவில்லை. மொழியரசி மட்டும் அறையிலிருந்து வெளியே வந்து, சமையலறைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள். நான்காம் நாள் பால் டம்ளரைத் தள்ளிவிட்டாள். பட்டை விளக்கு மஞ்சளிலேயே நின்றது. அமலோற்பவம் மங்கையர்க்கரசியின் போனில் கூப்பிட்டு, "என்னம்மா, நபர் நான்கு வர்றதை நிறுத்திட்டாங்களா? பிள்ளை நாடி ஏறுதே," என்றார்.

"பயந்து ஓடிட்டான்," என்றார் இளம்பரிதி திருப்தியோடு. "நான் விசாரிக்கிறேன்னு தெரிஞ்சிருக்கும்."

ஏழாம் நாள் சனிக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சாயங்காலம் அலமாரியில் துணி எடுக்கப் போன சுயம்புகனி, கை போன போக்கில் செல்போனை உயிர்ப்பித்தாள். உடனே அது அடித்தது. நாகர்கோவிலிலிருந்து தங்கை செல்வகனி. எடுக்காமல் விட்டால் போலீசுக்குச் சொல்லிவிடுவாள். சுயம்புகனி வழக்கம்போலச் சமையலறையைக் கடந்து, துணி துவைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு அவளுக்கு எல்லைக்கோடு. கதவுக்கு இந்தப் பக்கம் கனிகா. அந்தப் பக்கம் அவள் ஊர். கல்யாணமான புதிதில் அவள் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பேச்சுக்கு அந்த வீட்டில் இடம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்தான்.

"யக்கா, ஒனக்க போனுக்கு என்ன கேடு? ஏழு நாளா அடிச்சு அடிச்சு எனக்க வெரலு தேஞ்சு போச்சு."

"ஏ சவமே, பைய பேசு. இஞ்ச ஒரு பெரிய வெசாரண நடக்குவு. எனக்க தலையே வெடிச்சுப் போவும் போல இருக்கு கேட்டியா. ஒரு ஆளு இந்த வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறானாம், பிள்ளைக்கு அவனக் கண்டாத்தான் சமாதானமாம். பெத்தவளுக்கு ஒம்பது மார்க்கு. அந்த எளவுக்கு அறுவத்தொண்ணு."

"யாரு அது?"

"தெரிஞ்சா நான் அவன் காலப் புடிச்சிர மாட்டனா? பிள்ளையக் கொண்டு மலையில விடப் போறேங்குதாரு இவரு. மூணு மாசம் கண்ணுல காணக்கூடாதாம். எனக்கு நெஞ்சு பதறுதுட்டீ..."

கதவு படாரென்று திறந்தது. முன்னால் இளம்பரிதி, கையில் குடை. பின்னால் மங்கையர்க்கரசி, கையில் சப்பாத்திக் கட்டை.

"எங்கே அவன்?" என்றார் இளம்பரிதி.

"யாருங்க?"

"நபர் நான்கு வீட்டுக்குள்ள இருக்கான். இப்போ, இந்த நிமிஷம்," என்று கைத்திரையை நீட்டினார். திரை பச்சையாக மின்னியது. "பேசிட்டிருக்கான். இந்தப் பக்கம்தான் காட்டுது."

மங்கையர்க்கரசி வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். நிர்வாகத்தில் இருந்தவள், எதையும் விட்டுவைக்க மாட்டாள்.

சுயம்புகனி காதில் போனோடு நின்றாள். இருவருடைய கால்களுக்கும் நடுவில், திறந்த கதவுக்கு வெளியே, சமையலறைத் தரையில் மொழியரசி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்திருந்தவள், இவர்கள் வருவதைக் கண்டு நகர்ந்து சுவரோரம் போயிருந்தாள். கையில் விளக்கு பச்சை. தரையில் அந்த இடத்தில் மட்டும் ஓடு வழவழப்பாக இருந்தது. பல நாள் ஒருவர் உட்கார்ந்து எழுந்த இடம்.

"யக்கா? யக்கா, லைன்ல இருக்கியா?" என்றது போன்.

"வைட்டீ. பெறகு விளிக்கேன்," என்றாள் சுயம்புகனி.

கைத்திரை 'டிங்' என்றது. இளம்பரிதி அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். குடையைத் தாழ்த்தினார். "இன்னொரு தரம் சொல்லு," என்றார்.

"என்ன சொல்லணுங்க?" என்றாள் கனிகா. திரை அமைதியாக இருந்தது.

திங்கட்கிழமை அமலோற்பவம் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "குரல் ஒண்ணுதான் சார். ஆனா பட்டை குரலை மட்டும் பாக்கிறதில்லை. மூச்சு, வேகம், ராகம் எல்லாம் சேர்த்துத்தான் ஆளைப் பிடிக்கும். பதிவு பண்ண வந்த அன்னிக்கு வீட்டுல பேசுற மாதிரி பேசுங்கன்னுதான் சொன்னேன். இவங்க என்ன பேசினாங்க?"

அன்று அவள் பேசியது இளம்பரிதி எழுதிக் கொடுத்தது. எங்கள் இல்லத்தில் குழந்தைக்கு முழுமையான உணர்வுச் சுதந்திரம் வழங்கப்படுகிறது என்று தொடங்கும்.

"பத்துல ஏழு பேர் இப்படித்தான் சார். மைக்கைப் பார்த்தா செய்தி வாசிக்கிறாங்க. போன வாரம் ஒருத்தர், நல்ல மனுஷன், மீன் கடை. மெஷின் முன்னாடி உக்காந்ததும் ஆங்கிலத்துல ஆரம்பிச்சிட்டாரு. பிள்ளைக்கு அப்பா யாருன்னே கண்டுபிடிக்க முடியலை."

"ஒருத்தருக்கே ரெண்டு பங்கு எப்படி மேடம் செல்லும்? இது மோசடி," என்றார் இளம்பரிதி.

"செல்லும் சார். கூட்டத்துல நபர் நான்கு நேர்ல வந்து, தன் குரல்ல பேசி, வருகை பதியணும். அவ்வளவுதான். பதிஞ்சா அறுபத்தொண்ணு, பதியலைன்னா பூஜ்யம்."

கூட்டம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. வட்ட மேசை, நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு கருவி. டாக்டர் ஷம்ஷாத், அமலோற்பவம், இளம்பரிதி, மங்கையர்க்கரசி, சுயம்புகனி. ஜன்னலோரம் தனி நாற்காலியில் மொழியரசி. ஆசிரியை விடுப்புக் கடிதத்தில் முகாமுக்கு ஆதரவு தெரிவித்திருந்தார். லிஃப்ட் நிறுவனத்திலிருந்து, குழந்தையின் நம்பிக்கைக்கு நன்றி தெரிவித்து ஒரு மடல் வந்திருந்தது. அதை நடுநிலை என்று அமலோற்பவம் குறித்துக்கொண்டார்.

கருவி ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. தந்தை, பன்னிரண்டு. "உள்ளேன்," என்றார் இளம்பரிதி, முகாமின் நன்மைகளையும் இரண்டு நிமிடம் சேர்த்துச் சொன்னார். அத்தை, ஆறு. "அத்தை உள்ளேன்," என்றாள் மங்கையர்க்கரசி லிஃப்ட் குரலில். பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தாய், ஒன்பது. "உள்ளேன். முகாம் வேண்டாம்," என்றாள் கனிகா.

"நபர் நான்கு, அறுபத்தொன்று. மூன்று நிமிடத்துக்குள் பேசவும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுயம்புகனி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என் பெயர் சுயம்புகனி," என்றாள்.

"அடையாளம் பொருந்தவில்லை."

"நான்... என்னுடைய குழந்தையை..."

"அடையாளம் பொருந்தவில்லை. இரண்டு நிமிடம்."

"சும்மா வீட்டுல பேசுற மாதிரி பேசுங்கம்மா," என்றார் அமலோற்பவம்.

அதுதான் வரவில்லை. மேசை இருந்தது, கோப்பு இருந்தது, டாக்டர் இருந்தாள், கணவர் இருந்தார். இத்தனையும் வைத்துக்கொண்டு அவள் எந்தக் காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறாள்? தங்கையை நினைத்தாள். ஊர் அம்மன் கோயில் கொடைவிழாவை நினைத்தாள். 'என்ன மக்ளே' என்று தொடங்கலாம் என்று நினைத்தாள். வாயிலிருந்து வந்தது: "என்ன மகளே."

"அடையாளம் பொருந்தவில்லை. ஒரு நிமிடம்."

பதினொரு வருடம் பூட்டி வைத்ததைத் திறக்கச் சாவி எங்கே என்று தெரியவில்லை. ஜன்னலோரம் பிள்ளை பட்டையைத் திருகிக்கொண்டிருந்தது. விளக்கு சிவப்பு.

"விடு கனிகா," என்றார் இளம்பரிதி. அவருக்கு மனம் இளகியிருந்தது, வெற்றி நெருங்கும்போது அவர் எப்போதும் இளகுவார். "இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லை. தொண்ணூறு நாள் பார்க்காம இருக்கிறதும் ஒரு வகையில கேக்கிறதுதான். என் புத்தகத்துல எட்டாவது அத்தியாயம் இதைத்தான்..."

"சவத்த, செத்த நேரம் வாய மூடிட்டு இரியும்," என்றாள் சுயம்புகனி. "எப்பப் பாத்தாலும் புத்தகம், புத்தகம். பிள்ளை கதவுக்கு மறவுல குத்த வச்சு இருந்திருக்கு, ஒமக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இதுல மலையில கொண்டு விடப் போறாராம். எனக்க பிள்ளய நான் எங்கயும் அனுப்ப மாட்டேன். வாரத்துக்கு ஒருக்கா இஞ்ச கூட்டிட்டு வாறேன், நானே கூட இருக்கேன். இதுக்கு மேல ஆரும் ஒண்ணும் பேசப்பிடாது."

"நபர் நான்கு. வருகை பதியப்பட்டது," என்றது கருவி. "அறுபத்தொரு சதவீதம், முதல் வழிக்கு. தீர்மானம் நிறைவேறியது."

மங்கையர்க்கரசியின் வாய் திறந்தபடி இருந்தது. இளம்பரிதி எட்டாவது அத்தியாயத்தின் நடுவிலேயே நின்றுபோயிருந்தார். டாக்டர் ஷம்ஷாத் தாளில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்து சிரித்தாள்.

அந்த அமைதியில் ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஏழு மாதம் பூட்டிக் கிடந்ததில் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"யம்மா, சித்திக்க பிலாமரத்த வெட்டிட்டானா?"

சுயம்புகனி திரும்பினாள். தங்கை வீட்டுப் பின்கட்டில் வேலியோரம் நிற்கும் பலாமரத்தை, இலை தன் கிணற்றில் விழுகிறதென்று பக்கத்து வீட்டுக்காரன் வெட்ட நிற்கிறான். ஆறு மாதமாக நடக்கும் வழக்கு. இதைப் பற்றி அவள் செல்வகனியைத் தவிர உலகத்தில் யாரிடமும் பேசியதில்லை. இந்த வாரம் பேசியதும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில்தான். பத்துப் பன்னிரண்டு நாளாக என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஓர் ஆள் இத்தனை தவித்திருக்கிறது.

யாரும் மூச்சு விடும் முன் கருவி முந்திக்கொண்டது. "அனுமதி பெறாத குரல். நபர் ஐந்து. குழந்தைக்கு என்ன உறவு என்று குறிப்பிடவும்."

அமலோற்பவம் திரையைத் தொட்டார். பட்டியல் இறங்கியது. தந்தை, தாய், அத்தை, மாமன், ஆசிரியர், அண்டை வீட்டார், கருவி. மேலும் கீழுமாக இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பேசாத பிள்ளையின் குரலையும் பதிய வேண்டும் என்று இந்த அறையில் மட்டுமல்ல, சட்டம் எழுதிய அறையிலும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"என்ன போடறது டாக்டர்?" என்றார்.

"என்ன இருக்கு?"

"கடைசியில 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு."

அதையே தொட்டார். "நபர் ஐந்து. உறவு, மற்றவை. பங்கு, பூஜ்யம்," என்றது கருவி. "பங்கில்லாதவர் கூட்டத்தில் இருக்க இயலாது. வெளியேறவும்."

மொழியரசி நாற்காலியிலிருந்து உடனே இறங்கினாள். இத்தனை நாளில் அவளுக்குப் பிடித்த மாதிரி யாரும் எதுவும் சொன்னதில்லை. சுயம்புகனியும் எழுந்தாள். "அம்மா, நீங்க கையெழுத்து..." என்று தொடங்கிய அமலோற்பவத்தை டாக்டர் கையமர்த்தினாள்.

இளம்பரிதியும் எழ முயன்றார். "உறுப்பினர்கள் இருவர் விலகியுள்ளனர். மற்றவர்கள் நிறைவுக் குறிப்பு வாசித்து முடியும் வரை அமரவும்," என்றது கருவி. குறிப்பு நாற்பது பக்கம். அவர் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்கத் தொடங்கினார்.

வெளியே நடைபாதையில் இருவரும் நடந்தார்கள். சுயம்புகனிக்குப் பிள்ளையை அள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும், அழ வேண்டும், இன்னொரு வார்த்தை சொல்லு என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யவில்லை. தங்கையிடம் பேசுவதுபோல, யாரையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெட்டலேட்டீ. தாசில்தார் வந்து பாத்துட்டு, மரம் நிக்கட்டும்னு செல்லிட்டாரு. ஒரே ஒரு கொம்புதான் போச்சு."

இன்னும் நாலு எட்டு வைத்தார்கள்.

"எந்தக் கொம்பு?" என்றாள் மொழியரசி.